வைட் ஸ்ட்ரிங்கில் எழுத்து தேடுவது எப்படி: தமிழும் பர்மியமும் கலந்த பட்டியலோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு

ரங்கூனில் கோயில் சபையோ, தமிழ்ப் பள்ளியோ, மொத்த வியாபாரக் கடையோ, எங்கே கணினி தெரிந்த ஒரு பிள்ளை இருந்தாலும் ஒரு நாள் இந்த வேலை அதன் தலையில் வந்து விழும்: "தம்பி, இந்த லிஸ்டில் கொஞ்சம் தேடிக் கொடுப்பா." திறந்து பார்த்தால் ஒரே வரியில் தமிழில் வீட்டுப் பெயர், பர்மியத்தில் அட்டைப் பெயர், ஆங்கிலத்தில் ஊர், பர்மிய இலக்கத்தில் அடையாள அட்டை எண். படிப்பில் சி மொழி கொஞ்சம் பார்த்திருப்பீர்கள். எழுத்து தேடத்தான் ரெடிமேட் ஃபங்ஷன் இருக்கிறதே என்று உட்காருவீர்கள். ஃபங்ஷன் ஓடும். விடை மட்டும் வராது, அல்லது தப்பான விடை வரும்.

பாடங்களில் வரும் உதாரணம் எல்லாம் ஆங்கிலச் சொல்லாகவே இருக்கும். அதனால் தமிழையும் பர்மியத்தையும் வைத்து முட்டி மோதித்தான் கீழே உள்ளவை எனக்குப் பிடிபட்டன. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

படிக்கும் முன் இரண்டு குறிப்பு. ஃபங்ஷன் பெயர்களை ஆங்கில எழுத்தின் ஒலியில் எழுதியிருக்கிறேன். நிரலில் அடிக்கும்போது இடைக்கோட்டை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சிற்றெழுத்தில் சேர்த்து அடியுங்கள். எழுத்துகளின் யூனிகோடு குறியெண்களைப் பதின்மத்தில் தந்திருக்கிறேன். அட்டவணைகளில் பதினறும எண்தான் இருக்கும். கால்குலேட்டரைப் புரோகிராமர் முறைக்கு மாற்றினால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1. வேலையை ஏற்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

அசல் கோப்பைக் கேளுங்கள். போனில் எடுத்த படமோ பிடிஎஃப்போ வேண்டாம். பிடிஎஃப்பிலிருந்து நகல் எடுத்த தமிழில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடக்கும். அதில் தேடுவது வீண் வேலை.

அடுத்து, யார் அடித்தது, எந்த எழுத்துருவில் அடித்தது, எந்த வருஷம் என்று கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடமாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் அதற்குள் தமிழே கிடையாது. திரையில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. அதில் நீங்கள் புள்ளியைத் தேடினால் ஒன்றும் அகப்படாது, அரைப்புள்ளியைத் தேடினால் அத்தனை மெய்யெழுத்தும் அகப்படும். அப்படிப்பட்ட கோப்பை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன.

அசலின் மேல் கை வைக்காதீர்கள், நகலில் வேலை செய்யுங்கள். சோதனைக்கு நீங்களே பத்து இருபது பொய்ப் பெயர்களும் பொய் அட்டை எண்களும் போட்டு ஒரு சின்னக் கோப்பு செய்துகொள்ளுங்கள். பிழை வந்தால் யாரிடமாவது காட்டித்தான் கேட்பீர்கள். அப்போது ஊரார் அட்டை எண்கள் வெளியே போகக் கூடாது.

செலவு பெரிதாக இல்லை. விண்டோஸில் மிங்டபிள்யூ இலவசம். விஷுவல் ஸ்டுடியோவின் கம்யூனிட்டி பதிப்பும் தனி ஆளுக்கு இலவசம்தான், ஆனால் பல ஜிபி இறங்கும். போன் டேட்டாவில் இறக்கினால் காசு அங்கேதான் கரையும். லினக்ஸில் ஜிசிசி தயாராகக் கிடைக்கும். கணினியே இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் போட்டு, அதற்குள் கிளாங் கம்பைலரை நிறுவிக்கொள்ளலாம். டெர்மக்ஸை எஃப்-டிராய்டு என்ற ஆப் கடையிலிருந்து எடுங்கள். கரண்ட் போன நேரத்திலும் வேலை நிற்காது என்பதால் எனக்கு இந்த வழி ரொம்பப் பிடிக்கும்.

2. பைட்டா, வைட்டா?

சாதாரண ஸ்ட்ரிங்கில் எழுத்து தேட எஸ்டிஆர்-சிஎச்ஆர் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது ஒரு பைட்டைத்தான் தேடும். யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் வழக்கமான முறை) கோப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். பர்மியமும் அப்படியே. 'பீலிக்கான்' என்ற ஊர்ப்பெயர் அங்கே 30 பைட் நீளம். ஒரு பைட்டைத் தேடும் ஃபங்ஷனிடம் மூன்று பைட் எழுத்தைக் கொடுத்தால் அது என்ன செய்யும்? கம்பைலர் ஓர் எச்சரிக்கை கொடுக்கும், நீங்கள் கவனிக்காமல் விடுவீர்கள், தேடல் எங்கோ போய் நிற்கும்.

இதற்குத்தான் வைட் ஸ்ட்ரிங். அதில் ஒவ்வொரு குறியும் ஓர் அறையில் முழுசாக உட்காரும். அந்த அறையின் அளவு இடத்துக்கு இடம் மாறும்: விண்டோஸில் 2 பைட், லினக்ஸிலும் மேக்கிலும் 4 பைட். தமிழின் வழக்கமான குறிகள் 2944-இலிருந்து 3071 வரைக்குள் இருக்கின்றன, பர்மியத்தின் முக்கியத் தொகுதி 4096-இலிருந்து 4255 வரை. 65535-க்குக் கீழே இருப்பதால் இரண்டும் விண்டோஸின் சின்ன அறையிலும் அடங்கிவிடும். பழைய கணக்குக் குறிகளும் பின்னக் குறிகளும் உள்ள தமிழ்த் துணைத் தொகுதி 73664-இல் தொடங்குகிறது. அவை விண்டோஸில் இரண்டு அறை பிடிக்கும், ஓர் எழுத்தாகத் தேட முடியாது. எமோஜியும் அப்படியே. உறுப்பினர் பட்டியலில் இவை வர வாய்ப்புக் குறைவு. பழைய செட்டியார் கணக்கேடு யாராவது கொண்டுவந்தால் மட்டும் நினைவில் வையுங்கள்.

3. கோப்பை ஒழுங்காக உள்ளே கொண்டுவருவது

பெரும்பாலான தோல்வி தேடலில் நடப்பதில்லை, அதற்கு முன்பே இங்கே நடந்துவிடுகிறது.

லினக்ஸில் நிரலின் முதல் வேலையாகச் செட்-லோகேல் ஃபங்ஷனை அழையுங்கள். முதல் இடத்தில் எல்சி-ஆல் (இதில் மட்டும் பேரெழுத்து, நடுவில் அடிக்கோடு), இரண்டாவது இடத்தில் வெறும் இரட்டை மேற்கோள். இதை விட்டுவிட்டால் நிரல் 'சி' லோகேலில், அதாவது ஆங்கிலத்தை மட்டும் அறிந்த மொழி அமைப்பில் நிற்கும். எஃப்-கெட்-டபிள்யூஎஸ் கொண்டு வரி படிக்கும்போது முதல் தமிழ் எழுத்திலேயே படிப்பது நின்றுபோய் வெறுமை திரும்பும். கோப்பு காலி என்று நினைத்துக்கொள்வீர்கள். அழைத்த பிறகும் இதே நிலை என்றால் டெர்மினலில் லோகேல் என்று அடித்துப் பாருங்கள். யூடிஎஃப்-8 என்ற சொல் அங்கே இல்லாவிட்டால் குறை நிரலில் இல்லை, கணினி அமைப்பில்.

விண்டோஸில் வழி வேறு. கோப்பைத் திறக்கும் எஃப்-ஓப்பனில் படிக்கும் முறையோடு ஒரு காற்புள்ளி போட்டு, 'சிசிஎஸ் சமன் யூடிஎஃப்-8' என்று சேர்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் என்றால் இன்னொன்றும் உண்டு: நீங்கள் எழுதும் நிரல் கோப்பிலேயே தமிழ் இருந்தால் கம்பைலருக்கு 'சாய்கோடு யூடிஎஃப்-8' என்ற விருப்பத்தைக் கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் தமிழ் எழுத்தை அது வேறு எதுவாகவோ படித்துக்கொள்ளும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஒரு குறுக்கு வழி: தேட வேண்டிய எழுத்தை எழுத்தாக எழுதாமல் எண்ணாக எழுதுங்கள். க-வுக்கு 2965. நிரல் கோப்பு எந்த முறையில் சேமிக்கப்பட்டிருந்தாலும் 2965 என்பது 2965தான். பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

இந்தக் கட்டத்தில் நான்கு பொறி உண்டு.

வரிக்கான இடத்தின் அளவைச் சொல்லும்போது சைஸ்-ஆஃப் தரும் எண்ணை அப்படியே கொடுக்காதீர்கள். அது பைட் கணக்கு. எஃப்-கெட்-டபிள்யூஎஸ் கேட்பது அறைக் கணக்கு. லினக்ஸில் நான்கு மடங்கு அதிகம் சொன்னதாகிவிடும். நீளமான வரி ஒன்று வந்தால் நிரல் பக்கத்து நினைவகத்தில் எழுதிவிடும்.

கோப்பின் தலையில் 65279 என்ற கண்ணுக்குத் தெரியாத குறி இருக்கலாம். விண்டோஸில் சேமித்த கோப்புகளில் இது சகஜம். லினக்ஸில் அது தானாக நீங்காது, நீங்கள்தான் வெட்டி எறிய வேண்டும். இல்லாவிட்டால் முதல் வரியின் முதல் எழுத்து மட்டும் ஏன் பொருந்தவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

விண்டோஸ் கோப்பை லினக்ஸில் படித்தால் வரிக் கடைசியில் 10-க்கு முன்னால் ஒரு 13 ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டிவிடுங்கள்.

சாதாரண பிரிண்ட்-எஃப்பையும் வைட் வகையான டபிள்யூ-பிரிண்ட்-எஃப்பையும் ஒரே நிரலில் கலக்காதீர்கள். லினக்ஸில் எது முதலில் அச்சிட்டதோ அதன் பக்கம் திரை சாய்ந்துவிடும்; மற்றதன் வெளியீடு சத்தமில்லாமல் காணாமல் போகும்.

4. தேடும் முன் ஒரு சின்னக் கருவி செய்துகொள்ளுங்கள்

ஒரு வரியைப் படித்து, அதிலுள்ள ஒவ்வொரு அறையின் குறியெண்ணையும் இடம்விட்டு அச்சிடும் நிரல். ஐந்தாறு வரிதான். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். திரையில் எழுத்துரு பொய் சொல்லும், எடிட்டர் பொய் சொல்லும், எண் பொய் சொல்லாது.

'பீலிக்கான்' என்பதை இந்தக் கருவியில் போட்டால் பத்து எண் வரும்: ப, ஈகாரக் குறி, ல, இகரக் குறி, க, புள்ளி, க, கால், ன, புள்ளி. நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் பத்து. இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் படியில் இதை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

8203, 8204, 8205, 160 என்ற எண்கள் நடுவில் தலைகாட்டினால் அவை கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளும் இணைப்பான்களும். பர்மியத்தில் சொல் பிரிக்க 8203 போடும் பழக்கம் உண்டு. அங்கிருந்து வெட்டி ஒட்டும்போது தமிழ்ப் பத்திக்குள்ளும் வந்துவிடும்.

5. தேடல்: ஃபங்ஷன் எதில் கெட்டிக்காரன்

வைட் ஸ்ட்ரிங்கில் எழுத்து தேடும் ஃபங்ஷன் டபிள்யூசிஎஸ்-சிஎச்ஆர். டபிள்யூசிஹெச்ஏஆர் என்ற ஹெடர் கோப்பில் இருக்கிறது. முதலில் ஸ்ட்ரிங், அடுத்து தேட வேண்டிய குறி. கிடைத்தால் அந்த இடத்தைக் காட்டும் பாயிண்டர் வரும், கிடைக்காவிட்டால் நல். முதல் இடத்தை மட்டும் காட்டும். கடைசி இடம் வேண்டுமென்றால் டபிள்யூசிஎஸ்-ஆர்சிஎச்ஆர். எல்லா இடமும் வேண்டுமென்றால் கிடைத்த இடத்துக்கு அடுத்த அறையிலிருந்து திரும்பத் தேடுங்கள். ஒன்று கூட்ட மறந்தால் அதே இடத்தில் நின்று சுற்றும்.

எத்தனையாவது அறை என்று தெரிய, கிடைத்த பாயிண்டரிலிருந்து ஸ்ட்ரிங்கின் தொடக்கத்தைக் கழியுங்கள். எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்கும். கழிக்கும் முன் நல் இல்லையென்று உறுதி செய்யுங்கள்.

இந்த ஃபங்ஷன் ஜொலிக்கும் இடம் நம்மூர் அடையாள அட்டை எண். அதன் அமைப்பு உங்களுக்கே தெரியும்: மாநில எண், ஒரு சாய்கோடு, டவுன்ஷிப்பின் சுருக்க எழுத்துகள், அடைப்புக்குள் குடியுரிமை வகை, கடைசியில் ஆறு இலக்கம். சாய்கோடு 47 என்ற ஒரே குறி. அதைத் தேடச் சொன்னால் சட்டென்று காட்டும். அதற்கு முன்னால் இருப்பது மாநிலம்: 12 என்றால் ரங்கூன், 7 என்றால் பெகு, 10 என்றால் மோல்மீன் இருக்கும் மோன் மாநிலம். "பெகுக்காரர்கள் எத்தனை பேர்?" என்று சபைத் தலைவர் கேட்டால் இதை வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அட்டை எங்கே எடுத்ததோ அந்த மாநிலம்தான் வரும், ஆள் இப்போது எங்கே குடியிருக்கிறார் என்பது வராது. இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இங்கேயும் ஒரு முள் இருக்கிறது. சாய்கோட்டுக்கு முன்னாலுள்ள எண் பர்மிய இலக்கத்தில் இருக்கும். அவை 4160 முதல் 4169 வரை. ஐஎஸ்டபிள்யூ-டிஜிட் என்று கேட்டால் 'இது இலக்கம் இல்லை' என்று கையை விரித்துவிடும். அதற்குத் தெரிந்தது 0 முதல் 9 வரையிலான வழக்கமான பத்து இலக்கம் மட்டும். ஒவ்வோர் இலக்கத்திலிருந்தும் 4160-ஐக் கழித்து நீங்களே எண்ணாக்கிக்கொள்ளுங்கள். அதே பட்டியலில் சிலர் சாதாரண இலக்கத்தில் அடித்திருப்பார்கள், அவற்றுக்கு 48-ஐக் கழிக்க வேண்டும். இரண்டையும் கலந்து அடித்த மகான்களும் உண்டு.

பல குறிகளில் ஏதாவது ஒன்று எங்கே முதலில் வருகிறது என்று பார்க்க டபிள்யூசிஎஸ்-பிபிஆர்கே. பத்து பர்மிய இலக்கத்தையும் ஒரு ஸ்ட்ரிங்காக்கிக் கொடுத்தால் முதல் இலக்கம் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

குறி 0-ஐத் தேடினால் நல் வராது, ஸ்ட்ரிங்கின் முடிவு இடம் வரும். முடிவுக்குறியும் தேடலுக்கு உட்பட்டதுதான். தேட வேண்டிய எழுத்தை வைத்த மாறியில் தவறி 0 இருந்தால் 'எல்லா வரியிலும் இருக்கிறது' என்று விடை வரும். அப்படி ஒரு விடை வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சி++ எழுதுபவர்களுக்கு டபிள்யூஸ்ட்ரிங்கின் ஃபைண்ட் இருக்கிறது. அது பாயிண்டர் தராது, இட எண் தரும், கிடைக்காவிட்டால் என்-போஸ். அதை இன்ட் மாறியில் போட்டு 0-ஐவிடப் பெரிதா என்று ஒப்பிடாதீர்கள், முதல் அறையிலேயே கிடைத்த எழுத்து தவறிவிடும். என்-போஸோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

6. தமிழ் எழுத்தைத் தேடும்போது

பீலிக்கானுக்கு வருவோம். அதில் க-வைத் தேடச் சொன்னால் டபிள்யூசிஎஸ்-சிஎச்ஆர் 4-ஆம் அறையைக் காட்டும். கடைசி க-வைத் தேடினால் 6. இரண்டும் சரியான விடை. ஆனால் அந்தச் சொல்லில் 'க' என்ற எழுத்தே கிடையாதே! 4-இல் இருப்பது க்-இன் உடல், 6-இல் இருப்பது கா-வின் உடல்.

நம் 247 எழுத்தில் ஒரே அறையில் முழுசாக உட்காருபவை 31 மட்டும்: உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய உயிர்மெய் 18. மீதி 216-க்கும், அதாவது மெய் 18-க்கும் மற்ற உயிர்மெய் 198-க்கும், இரண்டு குறி வேண்டும். ஆக, ஒற்றைக் குறி தேடும் ஃபங்ஷனால் அந்த 216-இல் எதையும் தேடவே முடியாது. அந்த 18 உயிர்மெய்யிலும் தேடல் நம்பகமில்லை, பீலிக்கானில் பார்த்தது போல.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்.

கி, க், மோ போன்றவற்றைத் தேட டபிள்யூசிஎஸ்-எஸ்டிஆர். எழுத்தை ஒற்றை மேற்கோளில் வைக்காமல் இரட்டை மேற்கோளில் குட்டி ஸ்ட்ரிங்காகக் கொடுங்கள். ஒற்றை மேற்கோளில் 'கி' என்று அடித்தால் கம்பைலர் எச்சரிக்கும். இரண்டு குறியை ஓர் அறையில் திணிக்கப் பார்க்கிறீர்கள். எதை வைத்துக்கொள்வது என்பது அந்தந்தக் கம்பைலரின் இஷ்டம். சி++23-இல் அது பிழையாகவே ஆகிவிட்டது.

வெறும் 'க' வேண்டுமென்றால் டபிள்யூசிஎஸ்-சிஎச்ஆர் கொண்டு க-வைப் பிடியுங்கள், உடனே அடுத்த அறையை எட்டிப் பாருங்கள். அங்கே 3006 முதல் 3021 வரையிலான எண்ணோ 3031-ஓ இருந்தால் அது அகரம் இல்லை. விட்டுவிட்டு மேலே தேடுங்கள். ஸ்ட்ரிங்கின் கடைசியில் க இருந்தால் அடுத்த அறையில் 0 இருக்கும், அதனால் எட்டிப் பார்ப்பதில் ஆபத்தில்லை.

மெய்யெழுத்து 'க்' தேடும்போது லக்ஷ்மி, தக்ஷிணாமூர்த்தி எல்லாம் சேர்ந்து வரும். க்ஷ-வுக்குத் தனிக் குறி இல்லை. க், ஷ என்றுதான் உள்ளே இருக்கிறது. வேண்டாமென்றால் புள்ளிக்கு அடுத்தது ஷ-வா என்று பார்த்து விலக்குங்கள்.

பெயர் எந்த எழுத்தில் முடிகிறது என்று பார்ப்பவர்கள் கடைசி அறையை மட்டும் பார்த்தால் பலருக்குப் புள்ளிதான் நிற்கும். குறி வந்தால் ஓர் அறை பின்னால் போய் உடலையும் சேர்த்து எடுங்கள்.

7. ஒரே முகம், வேறு எண்

இதில்தான் அதிக நேரம் போகும். பொறுமையாகப் படியுங்கள்.

'மோல்மீன்' என்பதில் முதல் ஓகாரத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 3019 என்ற ஒரே குறி. அல்லது 3015, 3006 என்று ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. முதலாவதில் சொல் 8 அறை, இரண்டாவதில் 9. இரண்டாவது வகையில் 'மோ' தேடினால் கிடைக்காது. 'மே' தேடினால் கிடைக்கும்! யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம், ஆனால் டபிள்யூசிஎஸ் குடும்பத்துக்கு அந்த விதி தெரியாது, அது எண்ணை மட்டும் ஒப்பிடும்.

சி மொழியின் நூலகத்தில் இதைச் சமன் செய்ய ஃபங்ஷன் இல்லை. ஐசியூ நூலகம் இருக்கிறது. விண்டோஸில் நார்மலைஸ்-ஸ்ட்ரிங் இருக்கிறது (இதில் என், எஸ் இரண்டும் பேரெழுத்து). பைத்தான் தெரிந்தால் யூனிகோடு-டேட்டா கொண்டு என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழுக்கு மட்டும் என்றால் நூலகமே தேவையில்லை. நான்கே மாற்றம்: 3014, 3006 சேர்ந்தால் 3018, 3015, 3006 சேர்ந்தால் 3019, 3014, 3031 சேர்ந்தால் 3020, 2962, 3031 சேர்ந்தால் 2964. தேடும் முன் கோப்பு முழுவதிலும் ஒருமுறை செய்துவிடுங்கள். தேடும் சொல்லுக்கும் செய்ய வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து வருபவை இந்தச் சமனாக்கத்திலும் சரியாகாதவை.

ஸ்ரீ. கோயில் பெயர்களில் இது இல்லாத வரியே கிடையாது. 3000, 3021, 2992, 3008 என்று ஸ-வில் தொடங்கலாம். 2998-இல், அதாவது ஶ-வில் தொடங்கலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே சித்திரமாகக் காட்டும். 'ஸ்ரீ காளி அம்மன்' என்று தேடிப் பாதி வரிகளே வந்தால் மீதிப் பாதி இன்னொரு ஸ்ரீ-யில் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் நகலில் எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எது சரியான ஸ்ரீ என்ற விவாதத்தில் இறங்காதீர்கள், அது முடியாது.

மௌங். பர்மியப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது இது அடிக்கடி வரும். ஔகாரக் குறி விசைப்பலகையில் எங்கே என்று தெரியாதவர்கள் கொம்பு போட்டு ள போட்டுவிடுவார்கள்: மெளங். கண்ணுக்கு ஒன்றேதான். ஆனால் ஒன்றில் 3020, மற்றதில் 3014-க்குப் பிறகு 2995. எல்லாக் கொம்பு-ள-வையும் கண்மூடித்தனமாக மாற்றினால் வெள்ளி, தெளிவு எல்லாம் பாழாகும். அப்படிப்பட்ட சொற்களில் ள-வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ நிற்கும். தவறாக அடித்த மௌங்கில் ள-வுக்குப் பின் நேரே ங வரும். அந்த அடையாளத்தை வைத்துச் சந்தேக வரிகளைத் தனியே எடுத்து, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். இயந்திரத்திடம் முழுதாக விட வேண்டாம். 'வெளங்காது' என்ற பேச்சுத் தமிழையும் அது மாற்றிவிடும்.

8. பர்மியப் பத்தி: ஜோஜியா யூனிகோடா?

2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் அடித்த கோப்புகள் பெரும்பாலும் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையில் இருக்கும், பிறகு அடித்தவற்றிலும் இருக்கலாம். சபைப் பட்டியல்களில் வருஷாவருஷம் கீழே ஒட்டிக்கொண்டே போவார்கள், ஆகவே ஒரே கோப்பில் மேலே ஜோஜியும் கீழே யூனிகோடும் இருப்பது சாதாரணம்.

பாமினியைப் போல ஜோஜி ஆங்கில எழுத்தின் மேல் ஏறி உட்காரவில்லை. யூனிகோடின் பர்மியத் தொகுதிக்குள்ளேயே உட்கார்ந்து எண்களை வேறு மாதிரி பயன்படுத்துகிறது. அதனால்தான் ஆபத்து. 4155 என்பது யூனிகோடில் யபின் (மெய்யோடு சேரும் ய) குறி, ஜோஜியில் யயிட் (மெய்யோடு சேரும் ர) குறி. எழுத்தோடு ஒட்டிய அகர ஒலியை அடக்கும் அசாட் குறி யூனிகோடில் 4154, ஜோஜியில் 4153. யயிட்டுக்கு யூனிகோடில் 4156 என்ற ஒரே எண். ஜோஜியில் அடுத்த எழுத்தின் அகலத்தைப் பொறுத்துப் பல எண்கள். தேடல் பிழை காட்டாது, வேறோர் எழுத்தை எடுத்து நீட்டும்.

இன்னொன்று, முன்னால் நிற்கும் ஏகாரக் குறி, 4145. யூனிகோடில் அது நம் கெ, கே போலவே மெய்க்குப் பிறகு சேமிக்கப்படும், காட்டும்போது மட்டும் முன்னால் வரும். ஜோஜியில் பார்க்கிற வரிசையிலேயே முதலில் சேமிக்கப்படும். உங்கள் 4-ஆம் படிக் கருவியில் ஒரு பெயர் 4145-இலேயே தொடங்கினால் அது ஜோஜி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

கையால் மாற்ற முயலாதீர்கள். கூகுளின் மியான்மார் டூல்ஸ் என்ற இலவச நூலகம் ஒரு வரி ஜோஜியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடும், மாற்றவும் செய்யும். கோப்பு முழுவதையும் சேர்த்துச் சோதிக்காமல் வரிவரியாகச் சோதியுங்கள். தமிழ்ப் பத்தியை வெட்டிவிட்டுப் பர்மியப் பத்தியை மட்டும் கொடுங்கள். இரண்டு மூன்று எழுத்தே உள்ள குட்டிப் பெயர்களில் மதிப்பீடு தடுமாறும். அவற்றைப் பர்மியம் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

9. எவ்வளவு நேரம் ஆகும்

தேடலுக்கு நேரமே ஆகாது. இந்த ஃபங்ஷன் இடமிருந்து வலமாக ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். சில ஆயிரம் வரி உள்ள பட்டியல் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். வேகப்படுத்துகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

மனித நேரம்தான் கணக்கு. கம்பைலர் நிறுவி, தமிழ் வரி ஒன்றைப் படித்து அச்சிட ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். சமனாக்க நிரலுக்கு இன்னொரு மாலை. ஜோஜி பிரிப்பதும் மௌங், ஸ்ரீ திருத்துவதும் பட்டியலின் நீளத்தைப் பொறுத்தது. திருவிழாவுக்கு முந்தின வாரம் கொண்டுவந்து கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கரண்ட் அட்டவணையைப் பார்த்து வேலையைத் துண்டு போடுங்கள். ஒவ்வொரு படியின் முடிவையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள்: அசல், சமனாக்கியது, பர்மியம் மாற்றியது, கையால் திருத்தியது. நடுவில் கரண்ட் போனால் அந்தப் படியை மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

பட்டியலில் தேடிக் கொடுத்தால் மட்டும் போதும், சி-யில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றால் பைத்தானில் செய்யுங்கள். லோகேல் தொல்லையும் அறை அளவுத் தொல்லையும் இருக்காது. 6, 7, 8-ஆம் படிகளில் சொன்னவை அங்கேயும் அப்படியே பொருந்தும்.

10. திருப்பிக் கொடுக்கும்போது

செயலாளர் எக்செலில்தான் திறப்பார். காற்புள்ளி பிரித்த கோப்பாக யூடிஎஃப்-8-இல் எழுதிக் கொடுத்தால் இரட்டைச் சொடுக்கில் திறந்தவுடன் எழுத்தெல்லாம் குப்பையாகத் தெரியும்; "தம்பி கெடுத்துட்டான்" என்று பேர் வரும். 3-ஆம் படியில் வெட்டி எறிந்த 65279-ஐ இப்போது கோப்பின் தலையில் திரும்ப எழுதுங்கள். எக்செல் அதைப் பார்த்துத்தான் யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும். அட்டை எண் பத்தியை எழுத்தாகவே வைக்கச் சொல்லுங்கள்.  திருத்திய வரிகளின் பட்டியலை, பழையது ஒரு பத்தி புதியது ஒரு பத்தியாக, தனித் தாளில் கொடுங்கள். மௌங் வீட்டுக்காரர் யாராவது "என் பேரை ஏன் மாத்தினே?" என்று கேட்டு வந்தால் அந்தத் தாளைக் காட்டலாம்.